பொதிகை முதல் தித்திவங்சா வரை: மலையடி ஆழத்தை மின்காந்தத்தால் அறிந்த வரலாறு

முன்னுரை

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு மலை என்பது கிழக்குத் திசையில் விடியற்காலையில் தெரியும் ஒரு நீலக்கோடு. மேற்கே கடலும் மலாவத்திக் குன்றும். இடையே செம்பனைத் தோட்டங்களும் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளும். அவற்றைக் கடந்தால் பத்தாங்காலி, கெர்லிங், கோலகுபுபாரு ஆகிய ஊர்களுக்குப் பின்னால் தித்திவங்சா மலைத்தொடர். அம்மலையின் உயரத்தைப் பள்ளிப் பாடநூல் கூறும். அதன் அடியில் என்ன இருக்கின்றது என்ற வினாவை நம் வகுப்பறைகளில் எழுப்புவோர் அரிது.

மலையின் அடியைத் தோண்டிப் பார்க்க இயலாது. அதனை எடை போட்டும், அதிர்வுகளைக் கேட்டும், அதனுள் ஓடும் மின்னோட்டத்தை அளந்தும் அறியலாம். இம்மூன்றில் கடைசி வழியான மின்காந்த அளவீட்டின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. இவ்வரலாற்றின் முக்கியமான சில படிகள் சென்னையிலும், திருவனந்தபுரத்திலும், தமிழர் பொதிகை எனப் போற்றும் அகத்திய மலையிலும், சிங்கப்பூரிலும் நிகழ்ந்தவை. எனினும் இந்தியவியல் துறைகளின் தமிழ்ப் பாடத்திட்டங்களில் இச்செய்தி இடம்பெறுவது மிகக் குறைவு. இலக்கியமும் சமயமும் மட்டுமே நம் துறைக்குரியவை என்னும் வரையறை இதற்கு ஒரு காரணம் எனலாம்.

தூக்குக்குண்டு விலகிய கதை

மின்காந்த ஆய்வுக்கு முன்னோடியாக அமைந்தது நில அளவை. 1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து தொடங்கிய பணி, பின்னர் இந்தியப் பெரு முக்கோண அளவையாக வளர்ந்தது. அவர் பயன்படுத்திய பெரிய கோணமானி ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஏற்றும்போது அது மோதிச் சிதைந்ததும், லாம்டன் அதனைத் தம் கையாலேயே சீர்செய்ததும் அறியப்பட்ட செய்திகள். கயிற்றைப் பிடித்து இழுத்தவர் எவர் என்பதை எவரும் பெயரிட்டுக் கூறுவதில்லை.

லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், கல்யாண்பூருக்கும் இமயத்தை அடுத்த கலியானாவுக்கும் இடைப்பட்ட தொலைவை இருவழிகளில் கண்டறிந்தார். ஒன்று நிலத்தின்மேல் முக்கோண அளவை. மற்றொன்று விண்மீன்களை நோக்கி அகலாங்கைக் கணித்தல். ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் இரு விடைகளும் 5.236 வினாடி வேறுபட்டன. நிலத்தில் இது 160 மீட்டர் அளவுக்கு வரும். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டு போன்ற ஒன்றையே விண்மீன் அளவைக்கும் ஆதாரமாகக் கொள்வர். அக்குண்டை இமயத்தின் பொருண்மை தன்பால் ஈர்த்திருக்க வேண்டும் என எண்ணிய கல்கத்தாத் தலைமைக்குரு ஜான் ஹென்றி பிராட், அவ்வீர்ப்பைக் கணக்கிட்டார். கணக்கின்படி வேறுபாடு 15.885 வினாடியாக இருத்தல் வேண்டும். உண்மையில் கிடைத்ததோ அதில் மூன்றிலொரு பங்கு.

மலை தோன்றும் அளவுக்கு எடையற்றது என்பதே இதன் பொருள். 1855-இல் ஜார்ஜ் ஏரி இதற்கு விளக்கம் தந்தார். சிலாங்கூர் ஆற்றில் மிதக்கும் மரக்கட்டைகளில் நீருக்கு மேல் உயர்ந்து தெரிவது நீருக்கடியிலும் ஆழ்ந்திருக்கும். அதுபோலவே உயர்ந்த மலைக்கு அடியில், அடர்த்தி குறைந்த பாறையாலான வேர் ஒன்று ஆழச் சென்றிருக்கும் என்பது அவர் கருத்து. பிராட் 1859-இல் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார்; மலையடிப் பாறையின் அடர்த்தியே இடத்துக்கு இடம் மாறும் என்றார். மலைக்கு வேர் உண்டா, அவ்வேர் எத்தன்மையது என்னும் வினா அன்று எழுந்தது. எடையை மட்டும் கொண்டு அதற்கு முழு விடை காண இயலாது. ஏனெனில் ஒரே எடை வேறுபாட்டைப் பலவகை அமைப்புகள் தோற்றுவிக்க முடியும்.

சென்னையும் சிங்கப்பூரும்

இதே காலத்தில் காந்த ஊசி வேறொரு வழியைத் திறந்துகொண்டிருந்தது. காந்த ஊசி ஒரே திசையில் அசையாது நிற்பதில்லை. நாள்தோறும் சிறிதளவு இடமும் வலமும் அசைகின்றது. சில நாள்களில் காரணமின்றித் துடிப்பது போலவும் தோன்றும். இவ்வசைவு உலகெங்கும் ஒரே வேளையில் நிகழ்கின்றதா என அறியும் பொருட்டு, காஸ் தலைமையில் 1830-களில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரை நடுவாகக் கொண்டு ஒரு கூட்டு முயற்சி தொடங்கியது. பிரித்தானிய அரசும் கிழக்கிந்தியக் கும்பினியும் அதில் இணைந்தன. கும்பினியின் பங்காகச் சென்னை, சிம்லா, பம்பாய், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் காந்த ஆய்வகங்கள் அமைந்தன.

சிங்கப்பூர் ஆய்வகத்தில் 1841 முதல் 1845 வரை அளவீடு செய்தவர் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் எலியட். அப்பதிவுகள் 1850-இல் சென்னையில் அச்சாயின. அதன்பின் அவர் கீழைத் தீவுக்கூட்டம் முழுவதற்கும் காந்த அளவை மேற்கொண்டார். அதன் முடிவுகள் 1851-இல் இலண்டன் அரசக் கழக இதழில் வெளியாயின. சென்னைக்கும் நம் நாட்டு நீரிணைக்கும் இடையே ஆள்களும் சரக்கும் மட்டும் வந்துபோகவில்லை. அளவுக்கருவிகளும் எண்பட்டியல்களும் அதே கடல்வழியில் சென்றன. தோட்டத் தொழிலாளர் புலம்பெயர்வு வரலாற்றை எழுதும்போது இவ்வறிவுப் போக்குவரத்தையும் உடன் வைத்து எண்ணுதல் தகும்.

அகத்திய மலை ஆய்வகம்

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட் 1841-இல் காந்தப் பதிவுகளைத் தொடங்கினார். புவியின் காந்த நடுக்கோட்டை அடுத்து அமைந்திருத்தல் அவ்விடத்தின் தனிச்சிறப்பு. 1852-இல் அங்கு இயக்குநராக வந்த ஸ்காட்லாந்து நாட்டவர் ஜான் ஆலன் பிரவுன், கடலோரச் சமவெளியில் மட்டும் அளந்தால் போதாது எனக் கருதினார். உயரத்தில் காந்த அசைவு மாறுகின்றதா என்னும் ஐயத்தைத் தீர்க்க, 1850-களின் நடுப்பகுதியில் அகத்திய மலை முகட்டில் துணை ஆய்வகம் ஒன்றை அமைத்தார். கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரமுள்ள அம்முகட்டுக்கு அடர்ந்த காட்டின் வழியாகத்தான் எதனையும் கொண்டு செல்ல முடியும். இரு ஆய்வகங்களையும் பற்றிய அவரது அறிக்கை 1857-இலும், 1852 முதல் 1869 வரையிலான பதிவுகளைக் கொண்ட பெருநூல் 1874-இலும் வெளிவந்தன.

பிரவுன் கண்டறிந்தவற்றுள் இரண்டு நம் பொருளுக்கு இன்றியமையாதவை. முதலாவது, புவியின் காந்தச் செறிவு கூடுவதும் குறைவதும் ஓரிடத்து நிகழ்ச்சியன்று. உலகின் வெவ்வேறு நிலையங்களின் பதிவுகளை ஒப்பிட்டால் அவை ஒருங்கே நிகழ்வது புலனாகும். இரண்டாவது, பெரிய காந்தக் குழப்பங்களுக்குக் கதிரவனோடு தொடர்புண்டு. கதிரவன் தன்னைத்தானே சுற்றும் காலத்தையொட்டி அவை மீண்டும் வருகின்றன. வானிலிருந்து வரும் காந்தத் தூண்டல் பரந்த நிலப்பரப்பு முழுவதையும் ஒரே வேளையில் தாக்குமெனின், இருவேறு இடங்களில் அதன் விளைவு வேறுபடுவதற்கு நிலத்தின் உள்ளமைப்பே காரணமாதல் வேண்டும். பிரவுன் இம்முடிவுவரை செல்லவில்லை. ஆயினும் அதற்கான அடித்தளம் அவருடைய எண்பட்டியல்களில் இருந்தது.

இரவும் பகலும் மணிதோறும் கருவியைப் படித்துக் குறிப்பேட்டில் எழுதியவர்கள் பெரும்பாலும் உள்ளூர் உதவியாளர்கள். அகத்திய மலைக்குச் சுமை ஏற்றியவர்கள் அம்மண்ணின் உழைப்பாளிகள். அறிவியல் வரலாறு முகட்டில் நின்றவரை நினைவில் வைத்தது. ஏற்றியவரை நினைவில் வைக்கவில்லை. தோட்ட வரலாற்றைப் பயில்வோருக்கு இந்த மௌனம் புதியதன்று. பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமாரம் தோட்டத்தில் 1917-இல் செம்பனை வணிகப் பயிராக முதலில் நடப்பட்டது என்பதையும், அதற்கு முன்னோடி ஹென்றி ஃபோக்கோனியே என்பதையும் நூல்கள் தவறாது குறிக்கின்றன. குழி வெட்டி நட்ட கைகளின் பெயர்கள் அந்நூல்களில் இல்லை.

அளவீடு முறையாக வளர்ந்த விதம்

1889-இல் ஆர்தர் ஷூஸ்டர், நாள்தோறும் நிகழும் காந்த மாற்றத்தின் பெரும்பகுதி புவிக்கு வெளியிலிருந்தும், சிறுபகுதி புவிக்குள்ளிருந்தும் வருவதாக நிறுவினார். வெளியே மாறும் காந்தப்புலம் நிலத்துக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுகின்றது. அம்மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றது. எனவே காந்த ஊசியின் அசைவில் நிலத்தின் அடியாழமும் கையொப்பமிட்டிருக்கின்றது என்பது தெளிவாயிற்று.

இதனைச் செயல்முறைக் கருவியாக்கியவர்கள் சோவியத் அறிஞர் திகோனோவும் பிரெஞ்சு அறிஞர் கஞ்ஞாரும் ஆவர். முறையே 1950-இலும் 1953-இலும் வெளிவந்த அவர்களது கட்டுரைகள், நிலத்தின் மேற்பரப்பில் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் ஒருசேர அளந்து, இரண்டன் விகிதத்திலிருந்து அடிநிலத்தின் மின்தடைமையைக் கணிக்கலாம் எனக் காட்டின. இம்முறையைக் காந்தப் புவிமின் அளவீடு என இக்கட்டுரை குறிப்பிடுகின்றது. இதற்குச் செயற்கையாக மின்சாரம் பாய்ச்ச வேண்டியதில்லை. விரைவான அசைவுகளை உலகெங்கும் நிகழும் மின்னல்களும், மெதுவான அசைவுகளைக் கதிரவனிலிருந்து வீசும் துகள்களும் தருகின்றன.

இதன் நுட்பம் அலைவுக்காலத்தில் உள்ளது. விரைவாக மாறும் அலை மேற்பரப்பிலேயே தேய்ந்துவிடும். மெதுவாக மாறும் அலை ஆழச் செல்லும். மின்தடைமையையும் அலைவுக்காலத்தையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை 503-ஆல் பெருக்கினால், அலை எத்தனை மீட்டர் ஆழம் ஊடுருவும் என்பது தோராயமாகக் கிடைக்கும். மின்தடைமை 100 ஓம் மீட்டராக உள்ள நிலத்தில் ஒரு வினாடி அலை ஏறத்தாழ 5 கிலோமீட்டரும், 100 வினாடி அலை ஏறத்தாழ 50 கிலோமீட்டரும் செல்லும். ஆகவே ஒரே இடத்தில் சில நாள்கள் கருவியை வைத்துப் பல அலைவுக்காலங்களைப் பதிவு செய்தால், அவ்விடத்தின் அடிநிலத்தை அடுக்கடுக்காக அறியலாம்.

காய்ந்த கருங்கல் மின்னோட்டத்தைப் பெரிதும் தடுக்கும். உப்புநீர், உருகிய பாறை, கிராஃபைட்டு முதலியன மின்னோட்டத்தை எளிதில் விடும். பாறையின் இடுக்குகளில் சிறிதளவு நீரோ உருகலோ இருந்து அவை ஒன்றோடொன்று தொடர்புற்றிருந்தாலே மின்தடைமை பெரிதும் குறைந்துவிடும். எடையளவைக்குப் புலப்படாத இவ்வேறுபாடு மின்காந்த அளவைக்குப் புலப்படுகின்றது. ஏரியும் பிராட்டும் விட்டுச்சென்ற வினாவில் இம்முறை பங்கேற்பது இதனாலேயே.

இமயமும் தென்னகமும்

1979-இல் வடமேற்கு இந்தியாவில் காந்தமானிகளை வரிசையாக நிறுத்திச் செய்த ஆய்வு, இமயத்தின் அடிவாரத்தை நோக்கிச் செல்லும் நீண்ட மின்கடத்துப் பகுதி ஒன்றைக் காட்டியது. 1990-களில் தென்திபெத்தில் நடைபெற்ற பன்னாட்டு ஆய்வின் முடிவு 2001-இல் வெளியாயிற்று. அங்கு மேலோட்டின் நடுப்பகுதியில் மின்கடத்துமை மிகுந்த அடுக்கு பரந்து கிடப்பதும், அது நீர்மத்தையோ பகுதி உருகலையோ சுட்டுவதும் தெரியவந்தன. 2005-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இவ்வடுக்கு இமயத்தின் நெடுகே 1000 கிலோமீட்டருக்கு மேல் தொடர்வதாகக் கூறி, உருகலின் அளவை வடமேற்கு இமயத்தில் 2 முதல் 4 விழுக்காடாகவும், தென்திபெத்தில் 5 முதல் 14 விழுக்காடாகவும் மதிப்பிட்டது. இவ்வளவு உருகல் பாறையின் வலிமையைப் பெரிதும் குறைத்துவிடும். உலகின் மிக உயர்ந்த மலைக்குப் பின்னாலுள்ள மேலோட்டின் நடுவடுக்கு, நீண்ட காலப்போக்கில் மெல்ல நகரக்கூடியது என்னும் கருத்துக்கு இது வலுச்சேர்த்தது.

தென்னகத்தின் நிலை வேறு. மிகப் பழைய பாறைகளாலான அந்நிலத்தில் குப்பம் முதல் பழனி வரை ஒரு குறுக்குக்கோட்டில் பலவகைப் புவியியற்பியல் ஆய்வுகள் நடைபெற்று, 2003-இல் தொகுப்பாக வெளிவந்தன. மின்தடைமை மிகுந்த பாறைகளுக்கிடையே, பாலக்காடு–காவிரி வெட்டுமண்டலத்தை ஒட்டி மின்கடத்துமை மிகுந்த பகுதிகள் தென்பட்டன. 1980-களில் வெளியான காந்தமானி ஆய்வுகள் பாக்குநீரிணைப் பகுதியில் தூண்டுமின்னோட்டம் குவிவதை எடுத்துக்காட்டின. காந்த நடுக்கோட்டுக்கு மேலே, வளிமண்டலத்தின் உயரத்தில் ஓடும் மின்னோட்டப் பட்டை தென்னக அளவீடுகளில் குறுக்கிடுவதும் உண்டு. அதனை நீக்கிக் கணிப்பதற்கு, பிரவுன் போன்றோர் தொடங்கிவைத்த நெடுங்காலப் பதிவு மரபு இன்றும் தேவைப்படுகின்றது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியருகே நடத்தும் ஆய்வகம் அம்மரபின் தொடர்ச்சி எனலாம்.

தித்திவங்சாவின் அடியில்

தித்திவங்சா இமயத்தைப் போன்று இளமையான மலையன்று. பழந்தெதிசுக் கடல் மூடி, இரு நிலத்துண்டங்கள் மோதியதன் விளைவாக, இருபது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் உருவான கருங்கல்லே அதன் உடல். அம்மோதலின் தழும்பு பெந்தோங்–ரவுப் பொருத்துக்கோடு என வழங்குகின்றது. பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் நெடுங்காலம் அகழப்பெற்ற ஈயத்தின் பிறப்பிடமும் இக்கருங்கல்தான். மலை கரைந்து ஆற்றோடு வந்த மண்ணிலேயே நம் ஈயவயல்கள் அமைந்தன.

எரிமலை இல்லாத இம்மலையின் அடிவாரத்தில், உலுதாமு, கெர்லிங், காலும்பாங் முதலிய இடங்களில் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. மழைநீர் கருங்கல்லின் வெடிப்புகள் வழியே ஆழ இறங்கி, அங்குச் சூடேறி மேலெழுகின்றது. அக்கருங்கல்லில் உள்ள கதிரியக்கத் தனிமங்களும் அவ்வெப்பத்துக்குப் பங்களிக்கின்றன. வெடிப்பில் நிறைந்த சூடான நீர் மின்னோட்டத்தை எளிதில் விடுவதால், மின்காந்த அளவீடு அதன் தடத்தை ஆழத்தில் தேட உதவுகின்றது. சிலாங்கூரின் வடவெல்லையை அடுத்துப் பேராக்கிலுள்ள உலுசிலிமிலும், சபாவின் தாவாவ் பகுதியிலும் புவிவெப்ப வளத்தை அறியும் பொருட்டு இத்தகைய அளவீடுகள் நடைபெற்றுள்ளன. 2007-ஆம் ஆண்டு இறுதி முதல் பகாங் மாநிலத்துப் புக்கிட் திங்கி அருகே உணரப்பட்ட சிறு நில அதிர்வுகள், அசைவற்றதென எண்ணப்பட்ட இம்மலையின் பழைய பிளவுகளை மீண்டும் ஆராயத் தூண்டின. ஆகவே மலையடியைப் பற்றிய அறிவு நம் குடியிருப்புகளுக்குத் தொலைவான செய்தியன்று.

கோலசிலாங்கூர் கடற்கரையிலிருந்து புக்கிட் ஃபிரேசர் வரை ஒரு குறுக்குக்கோட்டில் கருவிகளை வைப்பதாகக் கொள்வோம். கடலோரச் சேற்றுக்களிமண்ணின் மின்தடைமையை 5 ஓம் மீட்டர் எனக் கொண்டால், ஒரு வினாடி அலை அதில் ஒரு கிலோமீட்டர் அளவே செல்லும். 2000 ஓம் மீட்டர் கருங்கல்லில் அதே அலை 22 கிலோமீட்டர் செல்லும். அருகிலுள்ள கடல்நீர் மின்னோட்டத்தைத் தன்பால் இழுப்பதால் அளவீடு சாயும். அச்சாய்வைக் கணக்கிற் கொள்ள வேண்டும். உயரழுத்த மின்கம்பிகளும் ஆலை இயந்திரங்களும் இரைச்சலை உண்டாக்கும். இருபது முப்பது கல் தொலைவுக்குள் கடல், களிமண், கரிமண், கருங்கல் என நான்கு நிலங்களைக் காட்டும் இக்கோடு, ஆசிரியர் ஒருவர் வகுப்பறையில் விளக்குவதற்கு மிக ஏற்ற எடுத்துக்காட்டு.

தொன்மமும் வரலாறும்

கயிலைத் திருமணத்தின்போது அனைவரும் வடக்கே கூடியதால் புவி சாய்ந்ததும், அதனைச் சமன்செய்ய அகத்தியர் தென்றிசைக்கு அனுப்பப்பட்டதும் கந்தபுராணம் கூறும் கதை. வடமலையின் எடையைப் பற்றிப் பிராட்டும் ஏரியும் எழுதிய அதே ஆண்டுகளில், அகத்தியர் பெயர் தாங்கிய மலையில் பிரவுன் கருவி நிறுத்தியது வியப்பூட்டும் உடனிகழ்வு. இதனைக் கண்டு, புவிச் சமநிலைக் கொள்கையை நம் முன்னோர் முன்பே அறிந்திருந்தனர் என மேடைகளில் முழங்குவது எளிது. அவ்வாறு கூறுவது பிழை. தொன்மம் உலகின் ஒழுங்கைப் பற்றிய சமயக் கற்பனை. பிராட்டின் கணக்கோ அளந்து சரிபார்க்கத்தக்கது, பிழையெனின் கைவிடத்தக்கது. ஒன்றை மற்றொன்றாக்கினால் இரண்டுமே சிறுமையுறும். தமிழ் மண்ணுக்கும் தமிழ் உழைப்புக்கும் இவ்வறிவியலில் உண்மையாகவே ஓர் இடம் உள்ளபோது, இல்லாத பெருமையைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

இவ்விடத்தில் மொழிச் சிக்கல் ஒன்றும் எழுகின்றது. 2003-இல் நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கின. 2012 முதல் படிப்படியாகத் தமிழுக்கு மீண்டன. 2016 முதல் இருமொழித் திட்டம் விரும்பிய பள்ளிகளில் இடம்பெற்றது. கொள்கையின் நிறைகுறை இங்கு ஆய்வுப்பொருளன்று. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பயின்ற மாணவர் பலருக்கு மின்தடைமை, தூண்டல், மேலோடு முதலிய சொற்கள் பழகவில்லை என்பதை விரிவுரை மண்டபத்தில் நாம் காண்கின்றோம். சொல் இல்லாமையன்று குறை. அச்சொல் வாழ்வதற்குரிய வாக்கியம் இல்லாமையே குறை. கலைச்சொற் பட்டியலால் மட்டும் அது தீராது. சொற்களைத் தொடர்ந்து ஆளும் கட்டுரைகளும், வகுப்பறை விளக்கங்களும், மாணவர் எழுத்தும் வேண்டும்.

முடிவுரை

மலையடி ஆழத்தை அறியும் முயற்சி தூக்குக்குண்டில் தொடங்கிக் காந்த ஊசி வழியாகக் காந்தப் புவிமின் அளவீட்டை அடைந்தது. அவ்வழியில் சென்னை, சிங்கப்பூர், திருவனந்தபுரம், அகத்திய மலை ஆகியன ஓரத்து ஊர்களல்ல. உலகளாவிய ஒப்பீட்டின் இன்றியமையாத நிலையங்கள். இவ்வரலாற்றை மூன்று வகையில் நாம் பயன்கொள்ளலாம். முதலாவதாக, அறிவியல் வரலாற்றை இந்தியவியலின் ஒரு பிரிவாக ஏற்று, திருவிதாங்கூர், சென்னை ஆய்வகப் பதிவுகளை மாணவர் ஆய்வேடுகளுக்குப் பொருளாக்குதல். இரண்டாவதாக, அப்பதிவுகளில் உதவியாளராகவும் சுமையாளராகவும் மறைந்து நிற்போரைத் தேடி எழுதுதல். மூன்றாவதாக, வட சிலாங்கூர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவரை உலுதாமு போன்ற வெந்நீர் ஊற்றுகளுக்கு அழைத்துச் சென்று, அந்நீர் எங்கிருந்து வருகின்றது என்பதைத் தமிழிலேயே எடுத்துரைத்தல்.

தோட்டத்தில் பால் மரம் சீவியவர்களும் செம்பனைக் குலை வெட்டியவர்களும் தலைமுறைகளாக அந்த நீலக்கோட்டைப் பார்த்தே பொழுது கணித்தனர். அதன் அடியில் உள்ளதை அவர்தம் பேரர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்வது ஆசிரியராகிய நம் கடமை.